சேவைக்கட்டணத் துரையின் விலை

ஹெபெர் பிந்தோஸ் முப்பத்தொரு வருஷமாக அரசாங்கங்களைக் கேலி செய்து பாடி வருகிறார். இடதுசாரி, வலதுசாரி, எந்தச் சாரியும் இல்லாதது என்று எல்லா வகை அரசாங்கமும் வந்து போயின. அவற்றில் ஒன்றுகூட "யாரப்பா அந்த ஹெபெர்?" என்று விசாரித்ததாகத் தகவல் இல்லை. கைது செய்ய வேண்டாம், ஒரு மிரட்டல் கடிதமாவது போட்டிருக்கலாம். வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்.

அவருடைய கேலியை முதல் தடவையாக ஒருவர் பொருட்படுத்தியது இந்த பிப்ரவரியில்தான். பொருட்படுத்தியது கேலிக்கு ஆளான கம்பெனியே. வக்கீலோடு வந்திருந்தால் கொண்டாடியிருக்கலாம். காசோலையோடு வந்துவிட்டது.

கம்பெனிக்குப் போர்த்தோன் என்று பெயர். பெரிய வாசல் என்று அர்த்தம். உருகுவேயின் தலைநகரான மொந்தேவிதேயோவில் கால்பந்தோ, கச்சேரியோ, நாடகமோ, எதற்குப் போவதானாலும் போர்த்தோன் செயலியில்தான் டிக்கெட். முதல் பக்கத்தில் டிக்கெட்டின் விலை ஒண்டிக்கட்டையாக நிற்கும். கடைசிப் பக்கத்துக்குப் போனால் அதன் இடுப்பில் ஒரு குழந்தை ஏறியிருக்கும்: சேவைக் கட்டணம். இன்னொன்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்: உடனடியாக அனுப்பும் கட்டணம். போன வருஷம்வரை இன்னொரு கம்பெனியும் இருந்தது. அதை அக்டோபரில் போர்த்தோன் விலைக்கு வாங்கிவிட்டது. வாங்கும்போது சேவைக் கட்டணம் கொடுத்ததா என்று யாரும் சொல்லவில்லை.

மனைவி இல்டாவின் பிறந்தநாளுக்கு இரண்டு கச்சேரி டிக்கெட் வாங்கிய அன்று ஹெபெர் அந்தக் கடைசிப் பக்கத்தை முதல் தடவையாக முழுசாகப் படித்தார். மூன்று நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள், பழுதுபார்க்க வந்த ஒரு குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் உட்கார்ந்தபடி பாட்டாக எழுதிவிட்டார். வருஷத்தில் பதினோரு மாதம் குளிர்சாதனப் பெட்டி மெக்கானிக், ஒரு மாதம் முர்காக்காரர் என்று வாழ்க்கையைப் பங்கு போட்டுக்கொண்டவர் அவர்.

கார்னிவல் மாதம் முழுக்க முகத்தில் சாயம் பூசி, தோளில் மேளம் மாட்டி, அந்த வருஷத்து அக்கிரமங்களைப் பாட்டாகப் பாடி மேடை மேடையாக ஏறி இறங்கும் பதினேழு பேர் கூட்டம்தான் முர்கா. ஹெபெரின் முர்காவுக்குக் 'கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்' என்று பெயர். வைத்த அன்று வேடிக்கையாக இருந்தது. இப்போது ஆட்களின் முழங்கால்களைப் பார்த்தால் வெறும் தகவல்.

பாட்டில் ஹெபெருக்குச் சேவைக்கட்டணத் துரை வேஷம். உயரத் தொப்பி, வால் வைத்த கோட்டு, பஞ்சு அடைத்த பெருந்தொந்தி. துரை மேடைக்கு வந்து, மிச்சமிருந்த ஒரே போட்டிக்காரியைக் கல்யாணம் செய்துகொள்வார். விருந்தில் மணப்பெண்ணையே சாப்பிட்டுவிடுவார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துப் பாடுவார்:

வணக்கம் ஒன்று சொன்னீர்களா, வணக்கக் கட்டணம்;
வாசல் எங்கே என்று கேட்டால் விசாரணைக் கட்டணம்;
கட்டணம் ஏன் என்று கேட்டால் விளக்கக் கட்டணம்;
கம்மென்று இருந்துவிட்டால் மௌனக் கட்டணம்.

ஊரே இதைப் பாடியது. மீன் கடையில் ஹெபெரிடமே ஒருவர் 'செதில் கட்டணம்' கேட்டார். முப்பத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. இரண்டாவது வாரம் போர்த்தோனிலிருந்து சீமேனா என்றொரு பெண் தொலைபேசியில் பேசினாள். துரையைத் தங்களுக்குக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டாள்.

சனிக்கிழமை மதியம் முர்காவை நடத்தும் தார்தோ பட்டறைக்கு வந்தார். ஒப்பந்தத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். சட்டைப் பை இருந்த பக்கமாக உடம்பே சற்றுச் சாய்ந்திருந்ததுபோல் ஹெபெருக்குத் தோன்றியது.

"படிச்சியா?" என்றார் தார்தோ. ஒரு நகலை முன்பே அனுப்பியிருந்தார்.

"படிச்சேன். எவ்வளவு தருவாங்கன்னு எழுதியிருக்கற இடம் வரைக்கும். அதுக்கு மேல கண்ணு தெரியல."

"நல்லவேளை, அதுவரைக்குமாவது தெரிஞ்சுது. பஸ்ஸுக்கு ரெண்டு வாரம் பாக்கி. நேத்து வால்தெமார் வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு பார்வை பார்த்தான். எங்க மாமியாகூட என்னை அப்படிப் பார்த்ததில்ல."

வால்தெமார் அவர்களுடைய பஸ் டிரைவர். ஒரே ராத்திரியில் மூன்று நான்கு பேட்டைகளில் பாட வேண்டியிருப்பதால் பஸ் இல்லாவிட்டால் முர்கா இல்லை.

"விளம்பரத்துல துரை என்ன பண்ணணுமாம்?" என்று கேட்டார் ஹெபெர்.

"ஒரு வயசான ஜோடி மழையில கியூவுல நிக்குது. துரை வர்றார். குடை பிடிக்கிறார். 'உங்க கால் வலிக்கக் கூடாதுன்னுதான் நான் இருக்கேன்'னு சொல்றார். அவ்வளவுதான்."

"அவன் பொண்டாட்டியைத் தின்னவன்யா."

"அதெல்லாம் விளம்பரத்துல வராது."

"நம்ம பாட்டு?"

"பாடிக்கோங்கன்னு சொல்றாங்க. ஒரு வார்த்தைகூட வெட்ட வேண்டாமாம். மேடைக்குப் பின்னால அவங்க பேரை மட்டும் மாட்டணுமாம்."

ஹெபெர் திருப்புளியைக் கீழே வைத்தார். அவரைக் குத்தியது அதுதான். வெட்டச் சொல்லியிருந்தால் எழுந்து நின்று முடியாது என்றிருப்பார். அந்த வசனத்தை முப்பத்தொரு வருஷமாக நெஞ்சுக்குள் தயாராக வைத்திருந்தார். ஒரு வார்த்தைகூட வெட்டாதே என்று சொல்பவனிடம் என்னத்தைச் சொல்வது?

இதில் இன்னொரு சங்கடம், அவருக்கு ஆசையும் இருந்தது. பேருந்து நிறுத்தங்களில் தன் தொந்தி பெரிதாக ஒட்டப்பட்டிருப்பதை இரண்டு தடவை கற்பனை செய்து பார்த்திருந்தார். இரண்டாவது தடவை முகத்தையும் கொஞ்சம் இளமையாக்கிக்கொண்டார்.

"இன்னிக்கு நுவேவோ பாரிஸ்ல பாடறோம்ல, அந்தப் பொண்ணு அங்க வருது. பாட்டு முடிஞ்சதும் பதில் சொல்லணும்" என்றார் தார்தோ. "உன் சரக்கு, நீதான் சொல்லணும். நான் வற்புறுத்த மாட்டேன். என் மோட்டார் சைக்கிளை அடகு வெச்சிருக்கேன்னு மட்டும் சொல்லி வைக்கறேன்."

"இது வற்புறுத்தல் இல்லையா?"

"இது தகவல்."

நுவேவோ பாரிஸ் ஹெபெரின் சொந்தப் பேட்டை. புதிய பாரிஸ் என்று பெயர் வைத்தவர் கிண்டல்காரராகத்தான் இருக்க வேண்டும். தோல் பதனிடும் ஆலைகள் இருந்த காலத்தில் அந்த வாடை பாரிஸ் வரைக்கும் போயிருக்கும். ஆலைகள் மூடிய பிறகும் பந்து உருட்டும் கிளப்பின் மைதானத்தில் பேட்டைக்காரர்களே மேடை போட்டுக் கார்னிவலை நடத்தி வந்தார்கள். கமிட்டித் தலைவி நிபியா செகேய்ரா. பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முன்னூறு பிள்ளைகளுக்குச் சத்தம் போட்டுச் சோறு போட்ட தொண்டை, இன்னும் அதே அளவில்தான் இயங்கியது.

ஹெபெர் சாயங்காலம் சீக்கிரமே போனார். நாற்காலி போட உதவலாம் என்று கிளம்பியதாகத் தன்னிடமே சொல்லிக்கொண்டார். உண்மையில் யாராவது தனக்காக முடிவெடுத்துக் கொடுத்தால் தேவலை என்றிருந்தது.

வாசலில் நிபியாவின் மேசையைக் காணோம். இத்தனை வருஷமாக அந்த மேசையில்தான் டிக்கெட். பிஸ்கட் டப்பாவில் சில்லறை. காசு குறைந்தால் நிபியா ஆளை ஏற இறங்கப் பார்த்து, "சரி போ, முடிஞ்சதும் நாற்காலியை அடுக்கிக் குடு" என்பார். போன வாரம் வேறொருத்தியோடு வந்தவன் இந்த வாரம் மனைவியோடு வந்தால், "வாப்பா, ரொம்ப நாளாச்சு" என்று கூசாமல் சொல்லுவார். எந்தச் சேவைக்கும் அங்கே கட்டணம் கிடையாது.

இப்போது அந்த இடத்தில் கம்பெனிச் சட்டை போட்ட யானெத் என்ற பெண் கையில் ஒரு சிறு கருவியோடு நின்றாள். நாற்பது வயதிருக்கும். காலையில் இன்னொரு வேலை பார்த்துவிட்டு வந்த களைப்பு முகத்தில் இருந்தது. முர்காக்காரர் என்று ஹெபெர் சொன்னதும் மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி, கருவியை அதன்மேல் காட்டினாள். 'டிங்' என்றது.

உள்ளே நிபியா வேலிக் கம்பிகளில் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது?"

"பார்த்தா தெரியல? திரை. வெளியில இருந்து யாரும் சும்மா பார்த்துடக் கூடாதாம். ஒப்பந்தத்துல இருக்கு." ஒரு முடிச்சைப் பல்லால் இறுக்கினார். "நானே கட்டறேன்டா. கட்டறப்பவே எனக்கு வெக்கமா இருக்கு."

"ஏன் கையெழுத்து போட்டீங்க?"

"ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் முன்பணம் யார் குடுப்பா? உன் தொந்தியா? போன வருஷம் ரெண்டு கம்பெனி வந்தாங்க. ஒருத்தன்கிட்ட இன்னொருத்தன் பேரைச் சொல்லி வாசல்ல பாதி டிக்கெட் நானே விப்பேன்னு பேசி முடிச்சேன். இந்த வருஷம் ஒருத்தன்தான் வந்தான். ஒருத்தன் வந்தா என்னடா பேரம் பேசறது? பேனா இருக்கான்னு கேட்டேன். மூணு வருஷத்துக்குப் போட்டுக் குடுத்துட்டேன்."

வேலிக்கு வெளியே நடைபாதையில் சத்தம் கேட்டது. பேட்டைக்காரர்கள் வீட்டிலிருந்து மடக்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். பார்க்க முடியாவிட்டாலும் கேட்கலாமே. யாரோ மாத்தே இலைத் தேநீருக்கு வெந்நீர்க் குடுவையைத் திறக்கும் சத்தம், இருமல், "கொஞ்சம் தள்ளி உக்காருய்யா" என்ற குரல்.

"அவங்கெல்லாம் டிக்கெட் வாங்கலையா?"

"நாலு பேர் இருக்கற வீட்டுக்கு அந்தக் கட்டணமெல்லாம் சேர்த்தா அஞ்சாவது ஆளு விலை வருது. வராத ஒரு ஆளுக்கு எதுக்குக் காசு குடுக்கணும்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

ஹெபெர் மெதுவாகத் துரை விஷயத்தைச் சொன்னார். நிபியா திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டினால் வசதியாக இருந்திருக்கும்.

"வாங்கிக்கோ" என்றார் நிபியா.

"என்னக்கா?"

"வாங்கிக்கோன்னேன். நான் வாசலை வித்தேன். நீ ஒரு தொந்தியை விக்கறே. இதுக்குப் போயி என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்கறே. அந்த முனையைப் பிடி."

ஹெபெர் முனையைப் பிடித்தார். திரை கட்டி முடிந்தபோது தானும் கொஞ்சம் கட்டியிருக்கிறோம் என்று உறைத்தது.

அங்கே பிப்ரவரி கோடைக்காலம். எட்டு மணிக்கு வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே 'கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்' மேடை ஏறினார்கள். அன்றைக்கு முதல் முர்கா அவர்கள்தான். மைதானத்தில் பாதி நாற்காலி காலி. போன வருஷம்வரை யார் எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு இப்போது எண் ஒட்டியிருந்தது. முன்வரிசை நடுவில் சீமேனா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வந்ததும் எல்லோருக்கும் கை கொடுத்திருந்தாள், சோரிசோ இறைச்சி வைத்த ரொட்டி விற்பவருக்குக்கூட. கெட்டவளாக இருந்திருந்தால் ஹெபெருக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

துரை தொந்தியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கல்யாணம் ஆயிற்று. விருந்து ஆயிற்று. மணப்பெண்ணை மென்று முழுங்கிவிட்டு, "வணக்கம் ஒன்று சொன்னீர்களா" என்று ஆரம்பித்தார். முதலில் சிரித்தது சீமேனா. உண்மையாகவே, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அடுத்த வரியை அவளும் சேர்ந்து பாடினாள். அத்தனை வரியும் மனப்பாடம். ஹெபெருக்கு அரிவாளை ஓங்கிக்கொண்டு போனவனிடம் அரிவாளை வாங்கிப் பார்த்து, நல்ல வேலைப்பாடு என்று பாராட்டித் திருப்பிக் கொடுத்ததுபோல் இருந்தது.

அப்போதுதான் இன்னொரு சிரிப்பு கேட்டது. திரைக்குப் பின்னால் இருந்து வந்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு மூச்சு தாமதமாக வந்தது. வெளியே இருந்தவர்களுக்குத் துரையின் முகமும் தொந்தியும் தெரியாது. வார்த்தை மட்டும் போய்ச் சேர்ந்து, யாராவது ஒருவர், "இப்ப வாயைத் துடைக்கிறான் பாரு" என்று ஊகித்துச் சொல்லி, அதற்கப்புறம் சிரித்தார்கள். ஹெபெர் தன்னை அறியாமலே அந்தத் தாமதத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். தாளம் இழுபட்டது. தார்தோ கையை ஆட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓடு, ஓடு" என்றார். ஹெபெர் ஓடவில்லை. மௌனக் கட்டணம் என்று முடித்துவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு வந்து சேர்ந்தது. அதன் பிறகுதான் தொப்பியைக் கழற்றினார்.

முர்கா பாடி முடித்ததும் பின்பக்கமாக நழுவும் வழக்கம் கிடையாது. விடைபெறும் பாட்டைப் பாடிக்கொண்டே மேடையை விட்டு இறங்கி, ஜனங்களுக்கு நடுவில் நடந்து, தோளில் தட்டு வாங்கி, குழந்தைகளின் கன்னத்தில் சாயம் ஒட்டி, அப்படியே பஸ் வரை போக வேண்டும். இறங்கினார்கள். ஆனால் நடப்பதற்கு ஜனம் போதவில்லை. பாட்டில் இன்னும் பாதி இருக்கும்போதே நாற்காலிகள் தீர்ந்துவிட்டன. அதேசமயம் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே பாட்டு கேட்டது. கிழக்குரல்களும் கீச்சுக்குரல்களுமாக, சுருதி இல்லாமல்.

வலதுபக்கம் பஸ். இடதுபக்கம் வாசல். ஹெபெர் பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. கால் இடதுபக்கம் திரும்பியது, அவ்வளவுதான். வியர்வையில் சாயம் கரைந்து கண் மங்கிய மற்ற பதினாறு பேரும், வழக்கம்போல, முன்னால் போகும் பெரிய தொந்தியைப் பார்த்துப் பின்னால் வந்தார்கள். பெருமேளம் வாசலில் கொஞ்சம் சிக்கி வெளியே வந்தது.

நடைபாதையில் மடக்கு நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எழ முடியாதவர்கள் கையை நீட்டினார்கள். ஒரு கிழவர் துரையின் தொந்தியில் இரண்டு குத்து விட்டு, "என் டிக்கெட் காசு இதுக்குள்ளதானே இருக்கு?" என்றார். "நீங்க டிக்கெட்டே வாங்கலையே பெரியவரே" என்றார் ஹெபெர். "வாங்கியிருந்தா?" என்றார் அவர். நிபியாவும் வெளியே வந்து வேலியோரம் நின்று, முன்னூறு பிள்ளைகளுக்கும் கேட்கும் குரலில் பாடினார். பஸ்ஸிலேயே தூங்குபவரான வால்தெமார்கூட என்னவோ ஏதோ என்று பின்னாலேயே வந்துவிட்டிருந்தார். கடைசி வரியின்போது மூக்கை உறிஞ்சிவிட்டு, "தூசி" என்றார்.

பாட்டு முடிந்தது. சீமேனா கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தாள்.

"ஹெபெர் சார், முழுசா எடுத்துட்டேன்" என்றாள். "எனக்கு அழுகையே வந்துடுச்சு. இதுதான் சார் விளம்பரம். குடையெல்லாம் வேணாம். துரை வாசலைத் தாண்டி ஜனங்ககிட்ட வர்றார். இப்படியே போட்டுடலாம்."

ஹெபெர் அவளைப் பார்த்தார். அவள் மனதாரத்தான் பேசினாள். அதுதான் அலுப்பாக இருந்தது. தாங்கள் எதைச் செய்தாலும் அதற்குக் கம்பெனியிடம் ஒரு இடம் காலியாகவே இருக்கும்போல் தோன்றியது.

"ஒண்ணு கேக்கட்டுமாம்மா?" என்றார். "நிபியாக்காவுக்கு இங்க ஒரு மேசை போட்டுக் குடுங்க. இந்தப் பேட்டைக்கு மட்டும். வாசல்ல கட்டணம் இல்லாம டிக்கெட். அதைக் குடுத்துட்டு துரையை எடுத்துக்கோங்க. தொந்தியும் சேர்த்து."

சீமேனா உடனே மறுக்கவில்லை. உண்மையாகவே யோசித்தாள். யாரிடமோ தொலைபேசியில் பேசினாள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு வந்தாள்.

"சிஸ்டத்துல அப்படி ஒரு வசதி இல்லையாம் சார்."

"அப்ப துரையும் இல்லம்மா."

தார்தோ கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய மோட்டார் சைக்கிள் அந்த இமைகளுக்குள் ஓடி மறைவதை ஹெபெரால் பார்க்க முடிந்தது.

"வேற முர்காகிட்ட கேட்டுப் பாருங்களேன்" என்று ஹெபெர் சமாதானமாகச் சொன்னார்.

"வேற யார்கிட்ட சார் இருக்கு? உங்க ஒருத்தர்கிட்டதானே இருக்கு" என்றாள் அவள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஹெபெருக்குப் போட்டியே இல்லை. ஒரே வியாபாரி, ஒரே சரக்கு. இந்த நிலையில் மற்றவர்கள் எல்லாம் என்னென்னவோ கட்டணம் போடுகிறார்கள். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. "மன்னிச்சுக்கோம்மா" என்றார். அவளும் மனசு வருத்தப்பட்டுத்தான் கை கொடுத்தாள். பிறகு கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டி உள்ளே போனாள்.

"யோவ்" என்றார் தார்தோ.

"சொல்லு."

"ஒண்ணுமில்ல. யோவ்னு சொல்லணும்போல இருந்துச்சு." பெருமூச்சு விட்டார். "வா, அடுத்த மேடை செர்ரோவுல. நேரமாச்சு."

வாசலில் யானெத்தின் கருவியில் தார்தோவின் காகிதப் பட்டை சிவப்பு விளக்கு காட்டியது. ஹெபெருடையதும். மேளக்காரருடையதும்.

"ஒரு தடவைதான் அண்ணே உள்ள போகலாம்" என்றாள் யானெத். "வெளிய வந்தா கணக்கு முடிஞ்சுது."

"மேடையில பாடினதே நாங்கதானேம்மா" என்றார் தார்தோ.

"தெரியும் அண்ணே. நல்லாவும் இருந்துச்சு. மெஷினுக்குத் தெரியல."

"எங்க பஸ் உள்ள நிக்குது. பேன்ட்டு சட்டையெல்லாம் பஸ்ஸுல கிடக்கு."

"உள்ள இருக்கற தலைக்கும் இதுல இருக்கற எண்ணிக்கைக்கும் வித்தியாசம் வந்தா என் சம்பளத்துல பிடிப்பாங்க. போன வாரம் ஒரு பாட்டியம்மாவை விட்டேன். பிடிச்சுட்டாங்க." அவள் குரலில் கோபமில்லை. காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டாள். "உதவி எண்ணுக்கு எழுதிப் போடுங்க. ரெண்டு நாள்ல பதில் போடுவாங்க."

நிபியா வந்து வாதாடினார். கமிட்டித் தலைவி என்றார். யானெத் அவருடைய பட்டையை மரியாதைக்காக ஒரு தடவை சோதித்துப் பார்த்தாள். அதுவும் சிவப்பு. தன் சொந்த மைதானத்தின் வாசலில் நிபியா வெளியாளாக நின்றார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்தேவை வாங்கி உறிஞ்சினார்.

முகத்தில் சாயமும் உடம்பில் ஜிகினாவுமாகப் பதினேழு பேர் நடைபாதையில் நின்றார்கள். பிறகு யாருக்கோ எளிய வழி தோன்றியது. எல்லோரும் உள்ளே போக வேண்டியதில்லை. வால்தெமார் ஒருவர் போய் பஸ்ஸை வெளியே எடுத்தால் போதும். சாவி அவர் பையில்தான் இருக்கிறது. ஆகவே ஒரு டிக்கெட்.

"யார்கிட்ட போன் இருக்கு?" என்றார் தார்தோ. மேடையில் கைபேசி கூடாது என்பது அவர் போட்ட சட்டம். கடைசியில் ஹெபெர் தொந்திக்குள் கையை விட்டுப் பஞ்சை விலக்கித் தன்னுடையதை எடுத்தார். தார்தோ இன்றைக்கு இதுவும் சேர்த்தி என்பதுபோல் பார்த்தார்.

பதினாறு பேரும் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க, ஹெபெர் செயலியைத் திறந்தார். நாற்காலி எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. "நல்ல இடமா போடுங்க" என்றார் வால்தெமார். முன்வரிசையில் போட்டார். அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம் வந்து நின்றது. உடனடியாக அனுப்பும் கட்டணம் பக்கத்தில் நின்றது. தொந்தியைத் தூக்கிப் பிடித்தபடி துரை விரலை வைத்து அழுத்தினார்.

முதலில் சிரித்தது தார்தோ. ஒரு விக்கல்போல ஆரம்பித்து, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும்வரை போனது. பிறகு மேளக்காரர், பிறகு நடைபாதையில் இருந்தவர்கள். யானெத்தும் கருவியால் வாயை மறைத்துக்கொண்டாள். முப்பத்தொரு வருஷத்தில் ஹெபெருக்குக் கிடைத்த மிகப் பெரிய சிரிப்பு அது. அவர் அதற்கு ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

"நல்வரவு. நிகழ்ச்சியை ரசியுங்க" என்று யானெத் விதிப்படி சொல்ல, வால்தெமார் ஹெபெரின் கைபேசியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே போனார்.

காத்திருந்தார்கள். அடுத்த முர்கா மேடையேறி ஆரம்பித்துவிட்டது. திரைக்குப் பின்னால் இருந்து பாட்டு மட்டும் வந்தது. பஸ் சத்தம் வரவில்லை. பேட்டைக்காரர் ஒருவர் தன் நாற்காலியைக் காலால் தள்ளிவிட, ஹெபெர் தொந்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முழங்கால் நிம்மதியாகக் கெட்ட வார்த்தை சொன்னது.

"வால்தெமார்" என்று தார்தோ திரையைப் பார்த்துக் கத்தினார். "யோவ் வால்தெமார், செர்ரோவுல காத்துக்கிட்டிருக்காங்க."

"வரேன், வரேன்" என்று உள்ளே முன்வரிசையிலிருந்து பதில் வந்தது. "இருபது வருஷமா பஸ்ஸுலயே உக்காந்திருக்கேன். டிக்கெட் எடுத்திருக்கோம்ல, இந்த ஒரு பாட்டு முடியட்டும்."

"என்ன பண்றான் அங்க?" என்று தார்தோ ஹெபெரிடம் கேட்டார். "நாளைக்கு அவன் பாக்கியை யார் குடுக்கப் போறா? அதையாவது யோசிச்சியா?"

"யோசிக்கல" என்றார் ஹெபெர். "உக்காரு. பாட்டு நல்லாத்தான் இருக்கு."

தார்தோ உட்காரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்து நாற்காலியின் முதுகில் சாய்ந்துகொண்டார். உள்ளே எதற்கோ எல்லோரும் சிரித்தார்கள். வெளியே இருந்தவர்கள் எதற்கென்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.